கேளுங்க, சொல்றேன்: கண்மாயைக் காப்பாத்த எல்லைக்கோடு எங்க போடறது?

கேள்வி: எங்க ஊரு நத்தம் பக்கம். ஊருக்கு மேக்கால இருக்கற மொட்டை மலையில இருந்து வர்ற ஓடைதான் எங்க கண்மாய்க்கு வரத்து. இப்ப அந்த மலைக்கு கல்குவாரி வரப்போகுதுனு பேச்சு அடிபடுது. மதுரை மேலூர் பக்கத்து அரிட்டாபட்டி மாதிரி எங்க மலையையும் சட்டப்படி பாதுகாத்த இடமா அறிவிக்க வைக்க முடியுமா?

முடியும். ஆனா மனு எழுத உக்காரறதுக்கு முன்னாடி அரிட்டாபட்டி கதையை முழுசா கேட்டுக்குங்க, பாதிதான் நிறைய பேருக்கு தெரியும்.

2022 நவம்பர்ல அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ரெண்டு ஊர்லயும் சேத்து 193.215 ஹெக்டேரை பல்லுயிர் பாரம்பரியத் தலம்னு, அதாவது பலவகை உயிர்கள் இருக்கற, காப்பாத்த வேண்டிய இடம்னு தமிழக அரசு அறிவிச்சுது, தமிழ்நாட்டுல அதான் முதல் தலம். சமணர் படுக்கை, தமிழிங்கிற பழந்தமிழ் எழுத்துக் கல்வெட்டு, குடைவரைக் கோயில், வல்லூறுனு பேப்பர்ல எல்லாம் போட்டாங்க. எனக்கு அதுல கண்ணு நின்ன இடம் தண்ணிக் கணக்கு. அங்க உள்ள ஏழு குன்றும் 72 ஏரி குளத்துக்கும், 200 ஊத்துக்கும், 3 தடுப்பணைக்கும் நீர்ப்பிடிப்பா இருக்குனு அரசாங்கமே சொல்லியிருந்துச்சு. ஒரு சித்திரையில அங்க போயிருந்தேன், பாறை கால் வைக்க முடியாம கொதிக்குது, சுனைக்குள்ள கையை விட்டா சில்லுனு இருக்கு, ஒரு அப்பத்தா குடத்தை சாச்சு வச்சு சிரட்டையால பொறுமையா மோந்து ஊத்திக்கிட்டு இருந்தாங்க.

சரி, பட்டம் குடுத்தாச்சே, மலை தப்பிச்சுதானு கேட்டா, ரெண்டே வருசத்துல 2024 நவம்பர்ல டங்ஸ்டன் சுரங்க ஏலம் முடிஞ்ச சேதி வருது, மொத்தம் 2,015 ஹெக்டேர், அந்த 193-ம் அதுக்குள்ளதான். எதிர்ப்பு கிளம்புன பிறகு டிசம்பர்ல மத்திய அரசு பாரம்பரியத் தலத்தை விட்டுட்டு எல்லையை மறுபடி பாக்கச் சொல்றோம்னாங்க. அப்ப மீதி 1,800 சொச்சம் ஹெக்டேர்? அதுல இருக்கறதும் அந்த ஊர்க்காரங்க வயலும் கண்மாயும்தானே. கிராம சபையில தீர்மானம் போட்டாங்க, டிசம்பர் 9 சட்டசபையிலயும் தீர்மானம், 2025 ஜனவரி 7 மேலூர் பக்கமிருந்து மதுரைக்கு ஊரே திரண்டு நடந்து வந்துச்சு, ஜனவரி 23 ஏலம் ரத்து. ஆக அந்த அறிவிப்பு பிடிச்சுக்க ஒரு கொம்பா உதவுச்சு, ஆனா கோடு போட்ட 193 ஹெக்டேருக்குத்தான் உதவுச்சு, மீதியைக் காப்பாத்துனது சனங்க காலு.

அதனால நீங்க எல்லைக்கோட்டை மலையோட உச்சியில இருந்து போடுங்க. ஐப்பசி மழை பேயறப்ப கண்மாய்த் தண்ணியை வயலுக்குப் பங்கு வச்சு விடற ஊர் நீர்பாய்ச்சியைக் கூட்டிக்கிட்டு ஏறுங்க, எந்தச் சரிவுல விழற தண்ணி உங்க ஓடைக்கு வருது, எது அந்தப் பக்கம் அடுத்த ஊருக்குப் போகுதுனு அவருக்கு மேப் இல்லாமலே தெரியும். அப்புறம் விஏஓ ஆபீஸ்ல எந்த நிலம் என்ன வகைனு சொல்ற 'அ' பதிவேடும், நிலத்தோட அளவு வரைஞ்ச புலப்படமும் பாத்து அந்தச் சரிவுல வர்ற சர்வே நம்பரை ஒண்ணு விடாம எழுதுங்க. காப்புக்காடுனு இருந்தா வனச்சட்டம் ஏற்கனவே காவல் இருக்கு, மலை புறம்போக்கு, கல்லாங்குத்துனு (கல்லு நிறைஞ்ச தரிசு) போட்டிருந்தா உஷார், குவாரிக்காரங்க தேடறது அதைத்தான்.

சட்டம்னு பாத்தா பல்லுயிர் சட்டம் 2002, பிரிவு 37. உள்ளாட்சியைக் கலந்துகிட்டு மாநில அரசு அரசிதழ்ல அறிவிக்கும். உங்க பஞ்சாயத்துல பல்லுயிர் மேலாண்மைக் குழுனு ஒண்ணு இருக்கணும், பேருக்கு பேப்பர்ல மட்டும் இருந்தா அதை முதல்ல எழுப்பி விடுங்க, மக்கள் பல்லுயிர் பதிவேட்டுல ஓடை, ஊத்து, மரம், பட்சினு எல்லாத்தையும் ஏத்துங்க. கிராம சபை தீர்மானத்தோட மாநில பல்லுயிர் வாரியத்துக்கு அனுப்பிட்டு ஒரு காப்பி கலெக்டருக்கும் குடுங்க. அடுத்த ஊர் கண்மாய்க்கும் அதே மலைதான்னா அவங்க தீர்மானத்தையும் வாங்கிருங்க, இல்லனா கோடு பாதி மலையிலயே நின்னுரும்.

கேள்வி: இப்படி அறிவிச்சா ஆடு மாடு மேய விடமாட்டாங்கன்னு எங்க ஊர்ல பயப்படறாங்களே? (ஆண்டிபட்டி வாசகர்)

பயம் நியாயமானதுதான், அதுவும் உங்க பக்கத்துல. வைகையோட நீர்ப்பிடிப்பான மேகமலையை ஸ்ரீவில்லிபுத்தூரோட சேத்து 2021-ல புலிகள் காப்பகம் ஆக்குனாங்க. 2022 மார்ச்ல ஹைகோர்ட்டு மொதல்ல எல்லா காட்டுலயும் மேய்ச்சலுக்குத் தடைன்னாங்க, பிறகு அதை சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம்னு குறைச்சாங்க, மலைமாட்டுக்காரங்க பட்ட பாடு உங்களுக்கே தெரியும். பல்லுயிர் பாரம்பரியத் தலம் அந்த வகையறா இல்ல. உள்ளூர் சனங்க தானா முன்வந்து வச்சுக்கிற கட்டுப்பாடு தவிர அவங்க வழக்கத்துல கை வைக்கக் கூடாதுனு வழிகாட்டு நெறியே இருக்கு, பாதிக்கப்பட்டா ஈடு செய்ய திட்டம் போடணும்னு பிரிவு 37-ம் சொல்லுது. மேகமலை அளவு காட்டுக்கு வனவிலங்குச் சட்டம் வேணும்தான், ஊர் மலைக்கு அதைக் கேக்காதீங்கனு சொல்வேன். தீர்மானத்துலயே மேய்ச்சல் பாதை, விறகு, சாமி கும்பிடப் போற வழி எல்லாத்தையும் எழுதிருங்க, பின்னாடி வாய்த்தகராறு வராது.

கேள்வி: நீர்ப்பிடிப்புனா அணைக்குள்ள தண்ணி நிக்கற இடம்தானே?

அது நீர்த்தேக்கம். அதுக்குத் தண்ணி அனுப்பற மலை, காடு, ஓடை, உங்க வீட்டு மொட்டை மாடி வரைக்கும் நீர்ப்பிடிப்புதான்.

கேள்வி: எங்க கோயில்காடு ரொம்பச் சின்னது, அதையெல்லாம் கணக்குல எடுப்பாங்களா?

திண்டுக்கல் மாவட்டம் காசம்பட்டி வீர கோயில் காடு 4.97 ஹெக்டேர், பன்னெண்டரை ஏக்கர்கூட இல்ல. 2025-ல அறிவிச்சுட்டாங்க. மனுவை எழுதுங்க.