மூன்றாவது, நான்காவது சிசேரியன்: மகப்பேறு மருத்துவரின் பதில்கள்

இரண்டு சிசேரியன் ஆகிவிட்டது. மூன்றாவது குழந்தைக்கு ஆசை. உடம்பு தாங்குமா டாக்டர்?

பலருக்குத் தாங்கியிருக்கிறது. ஆனால் எல்லோரும் வயிற்றுத் தையலை நினைத்தே பயப்படுகிறீர்கள். நான் பயப்படுவது நஞ்சுக்கொடிக்கு, அதாவது வயிற்றில் குழந்தைக்கு ஊட்டம் தரும் நஞ்சுக்கு (பிளசென்டா). கர்ப்பப்பையின் பழைய தழும்பில் அது ஊடுருவி ஒட்டிக்கொண்டால், குழந்தை பிறந்த பிறகும் பிரியாது. பிரிக்க முயன்றால் ரத்தம் கொட்டும். பல நேரம் கர்ப்பப்பையையே எடுக்க வேண்டிவரும்.

2006-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்றைச் சொல்கிறேன். நஞ்சு கீழிறங்கி கர்ப்பப்பை வாயை மறைத்திருந்த பெண்களில், முதல் சிசேரியனில் 3 சதவீதம் பேருக்கு இப்படி ஒட்டியிருந்தது. இரண்டாவதில் 11, மூன்றாவதில் 40, நான்காவதில் 61. நஞ்சு கர்ப்பப்பையின் மேற்பகுதியில் இருந்தால் ஆபத்து மிகக் குறைவு. அதனால் ஸ்கேனில் “நஞ்சு பழைய தழும்பின் மீது படிந்திருக்கிறதா?” என்று வாய்விட்டுக் கேளுங்கள். கர்ப்பம் தெரிந்ததும் சீக்கிரமே ஒரு ஸ்கேன் எடுங்கள். சில சமயம் கருவே தழும்பில் பதிந்துவிடும்.

முதுகில் போட்ட ஊசியால் ஆயுளுக்கும் முதுகுவலி வருமா?

வராது. ஊசி போட்ட இடம் சில நாள் வலிக்கலாம், அவ்வளவுதான்.

எத்தனை சிசேரியன் வரை செய்யலாம்?

இத்தனைதான் என்று எண் கிடையாது. ஒவ்வொரு முறையும் உள்ளே உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வது கூடும், சிறுநீர்ப்பை காயப்படும் வாய்ப்பும் கூடும்.

ஒரு முறை சிசேரியன் என்றால் அடுத்ததும் சிசேரியன்தானே?

இல்லை. கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதியில் குறுக்காக ஒரே ஒரு வெட்டு, வேறு சிக்கல் இல்லை என்றால் சுகப்பிரசவத்துக்கு முயலலாம். முயல்பவர்களில் நான்கில் மூன்று பேருக்குக் கைகூடுகிறது. தழும்பு பிளப்பது ஏறத்தாழ 200-இல் ஒருவருக்கு. வெளியே தெரியும் தழும்பை வைத்து உள்வெட்டைச் சொல்ல முடியாது. ஆபரேஷன் குறிப்பைக் கேட்டு வாங்கி வையுங்கள்.

200-இல் ஒன்றுதானே? என் அக்கா வீட்டிலேயே பெற்றாள். பயமுறுத்துகிறீர்கள்.

உங்கள் அக்கா நலமாக இருப்பதில் சந்தோஷம். ஆனால் தழும்பு பிளந்தால் குழந்தையைக் காப்பாற்றக் கிடைப்பது சில நிமிடங்கள். அந்த நேரத்துக்குள் ஆபரேஷன் அறையும் ரத்தமும் தயாராக வேண்டும். சுகப்பிரசவம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் முயலுங்கள் என்கிறேன்.

அப்படியானால் எல்லோரும் ஆபரேஷனே செய்துகொள்ளட்டும் என்கிறீர்களா?

மேலே எழுதியதை மறுபடி படியுங்கள். தேவையில்லாத முதல் சிசேரியனைத் தவிர்ப்பதுதான் நாலாவதின் ஆபத்தைத் தவிர்க்கும் வழி. இதை யாரிடமும் வாதாடத் தயார்.

குழந்தைக்கு ஐந்து மாதம். மறுபடி கர்ப்பமாகலாமா?

பொறுங்கள். இரண்டு பிரசவங்களுக்கு நடுவே ஒன்றரை வருடத்துக்கும் குறைவாக இருந்தால் தழும்பு பிளக்கும் ஆபத்து கூடுகிறது.

மாதவிலக்கு நின்ற பிறகும் சில நாள் பழுப்பாகக் கசிகிறது.

தழும்பில் சிறு பள்ளம் விழுந்து ரத்தம் தேங்கியிருக்கலாம். உள்வழி ஸ்கேன் (பிறப்புறுப்பு வழியாக எடுப்பது) எடுத்துக் காட்டுங்கள்.

குழந்தைக்குத் தோலில் தடிப்பு…

குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

நாலாவது சிசேரியன் செய்யலாமா?

நஞ்சு எங்கே இருக்கிறது? அதைத் தெரிந்துகொண்டு வந்து கேளுங்கள்.