கையெழுத்துக்கு முன் ஒரே ஒரு பாடம்

அம்மா, ஐயா,

போன வாரம் நீங்கள் என்னிடம் படிப்பு ஆலோசனைக்கு வந்தபோது ஐயாவின் கையில் கல்விக் கடன் விண்ணப்பம் இருந்தது. எல்லாக் கட்டங்களும் நிரப்பியாகிவிட்டது, கையெழுத்து மட்டும்தான் பாக்கி. பக்கத்தில் இருந்த உங்கள் மகன் ஒரு மணி நேரத்தில் பேசியது மூன்றே வாக்கியம். "கவலைப்படாதீர்கள், பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். வெறும் ஆறுதல் போதாது என்பதால் இதை எழுதுகிறேன்.

அந்தக் கடனில் இப்போது கையெழுத்துப் போடாதீர்கள்.

கணினிப் பொறியியலில் அவன் ஓர் ஆண்டு முடித்திருக்கிறான். பிடிக்கவில்லை. புள்ளியியல் படிக்க ஆசைப்படுகிறான். பகலில் ஒரு வேலை பார்த்துக்கொண்டு, இணையவழித் தொலைநிலைக் கல்வியில் படிக்கிறேன் என்கிறான். பெரியப்பா போனில் கேட்டாராம்: "தபாலில் படித்தவனுக்கு எவன் வேலை கொடுப்பான்?" லண்டன் பல்கலைக்கழகம் நேரில் வராத மாணவர்களுக்கும் தேர்வைத் திறந்துவிட்டது 1858இல். மண்டேலா சிறையிலிருந்தபடி தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகத்தின் தொலைநிலைப் படிப்பில் சட்டப் பட்டம் பெற்றது 1989இல். பெரியப்பாவின் கேள்வியில் ஒரு பாதி நியாயம் மட்டும் உண்டு: அங்கீகாரம் இல்லாத பட்டம் காகிதம்தான். அதனால் பணம் கட்டும் முன், அந்தப் படிப்புக்கு, அதுவும் இணையவழி முறைக்கு, அங்கீகாரம் இருக்கிறதா என்று அங்கீகாரம் தரும் அமைப்பின் பட்டியலில் நீங்களே பாருங்கள். இடைத்தரகர் வாய்ச்சொல்லை நம்பவே நம்பாதீர்கள்.

அம்மா, உங்கள் பயம் வேறு. 2020இல் அவன் கேமராவை அணைத்துவிட்டுத் தூங்கியதை நேரில் பார்த்தவர் நீங்கள். உலகம் முழுக்க 150 கோடிக்கும் மேற்பட்ட மாணவர்களின் வகுப்புகள் அப்போது நின்றன. அன்று நடந்தது அவசர ஏற்பாடு. கரும்பலகைப் பாடத்தைச் சில நாட்களில் திரைக்கு மாற்றினார்கள், அவ்வளவுதான். தொலைநிலைக்கென்றே எழுதப்பட்ட பாடத்தில் நேரலை குறைவு, வாசிப்பும் கணக்கும் அதிகம். இணையப் படிப்பு என்றாலே மாணவர்கள் முகம் சுளிப்பதற்கு அந்த நாட்களின் நினைவும் ஒரு காரணம் என்பதை என் மேசைக்கு எதிரே பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஒரு தொழில்நுட்பத்தை மக்கள் ஏற்பது இரண்டு நம்பிக்கைகளைப் பொறுத்தது என்று ஃபிரெட் டேவிஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1989இல் எழுதினார்: எனக்கு இதனால் பயன் உண்டா, இது எளிதாகக் கைவருமா. உங்கள் மகனிடம் இரண்டும் இருக்கின்றன. ஆனால் சேரும் விருப்பம் வேறு, தாக்குப்பிடிப்பது வேறு. இலவச இணையப் படிப்புகளில் சேர்பவர்களில் முடிப்பவர்கள் சிலரே.

அதற்குத்தான் யாரும் உங்களிடம் சொல்லாத வழி ஒன்று இருக்கிறது. முழுப் பட்டத்துக்கும் பதியாமல், ஒரே ஒரு பாடம் மட்டும் எடுத்துப் படிப்பது. தனிப் பாடமாகப் பதிய அனுமதிக்கும் திறந்தநிலைப் பல்கலைக்கழகங்கள் உண்டு. அறிமுகப் புள்ளியியலை எடுக்கட்டும். முதல் வாரமே பாடநூலும் வாராந்தர அட்டவணையும் வரும். குறித்த தேதியில் ஒப்படைப்பு அனுப்ப வேண்டும். ஆசிரியர் அதைத் திருத்தி, எந்த வரியில் தவறினான் என்று எழுதி அனுப்புவார். அந்தக் குறிப்பை அவன் வாசிக்கும் விதத்தைக் கவனியுங்கள். மதிப்பெண்ணை மட்டும் பார்த்து மூடுகிறானா, கணக்கை மறுபடி போடுகிறானா? சந்தேகத்தையும் எழுத்தில்தான் கேட்க வேண்டியிருக்கும். தனக்கு எது புரியவில்லை என்று தெளிவாக எழுதத் தெரிந்தாலே பாதி புரிந்த மாதிரி. கடைசியில் கண்காணிப்போடு தேர்வு. தேறினால் அந்தப் பாடத்தின் கிரெடிட், அதாவது தேறியதற்குத் தரும் புள்ளி, பின்னால் பட்டத்தில் சேருமா என்பதைப் பதிவதற்கு முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள். சேரவில்லை என்றாலும் நஷ்டம் ஒரு பாடத்தின் கட்டணம். கடன் அப்படியல்ல, அவன் படிப்பை விட்டாலும் வட்டி விடாது.

வீட்டிலும் ஒன்று மாற வேண்டும். "வீட்டில்தானே இருக்கிறான்" என்று படிக்கும் நேரத்தில் கடைக்கு அனுப்புவது, விருந்தாளியிடம் பேச உட்காரவைப்பது, இரண்டும் கூடாது. தினம் இரண்டு மணி நேரம், அதே மேசை, கதவு சாத்தியிருக்கட்டும். இணைய இணைப்பு தடைப்படும் என்றால் பாடங்களை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளலாம்.

அவன் முடிப்பான் என்று நான் நினைப்பதற்குக் காரணம் அவன் பையிலிருந்து எட்டிப்பார்த்த நோட்டு. வாங்கிப் பார்த்தேன். யாரும் கொடுக்காத நிகழ்தகவுக் கணக்குகள். ஒவ்வொன்றின் ஓரத்திலும் தேதி, எடுத்துக்கொண்ட நிமிடம். தவறிய கணக்கை அடிக்காமல் பக்கத்திலேயே திருத்தியிருந்தான். பொறியியல் நோட்டு எங்கே என்று கேட்டேன், தலை குனிந்தான். ஐயா, நீங்கள் அப்போது ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

முதல் ஒப்படைப்பு திருத்தி வந்ததும் மூவரும் வாருங்கள். அந்தத் தாளைக் கொண்டுவாருங்கள், கடன் விண்ணப்பத்தையும். பெரியப்பாவிடம் அதுவரை என் பெயரைச் சொல்லிக்கொள்ளுங்கள்.