விடுமுறையில் ஒரே ஒரு சர்ஃபிங் வகுப்பு: போகலாமா, முதல் நாளே நிற்க முடியுமா?

கேள்வி: சுற்றுலா போகும் இடத்தில் ஆரம்பநிலைக்காரர்களுக்கு இரண்டு மணி நேர சர்ஃபிங் வகுப்பு இருக்கிறது. வயது 40-ஐ நெருங்குகிறது, நீச்சல் சுமார்தான். போகலாமா? முதல் நாளே பலகையில் நிற்க முடியுமா?

போகலாம். நிற்கவும் செய்வீர்கள், அநேகமாக முதல் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே. ஆனால் அதை வைத்து சர்ஃபிங் வந்துவிட்டது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். முதல் நாளில் உங்களை நிற்க வைப்பது முக்கால்வாசி பயிற்சியாளரின் கைதான். எந்த அலை, எந்த நொடி, எவ்வளவு வேகம் என்பதையெல்லாம் அவர் பார்த்துக்கொண்டு பலகையின் வால்பக்கத்தைப் பிடித்துத் தள்ளிவிடுவார். நீங்கள் எழ வேண்டியது ஒன்றுதான் பாக்கி. சரியாக அந்த நேரம் பார்த்து கரையில் ஒருவர் படம் எடுப்பார். நானும் விடுமுறை வகுப்பில் ஆரம்பித்தவன்தான். அன்றைக்கு எடுத்த படம்தான் இன்றுவரை என் முகப்புப் படம். ஓரத்தில் தெரிந்த பயிற்சியாளரின் கையை மட்டும் வெட்டிவிட்டேன்.

இப்படித் தள்ளிவிடும் தொழிலுக்கு வயது நூறுக்கு மேல். ஹவாயின் வைக்கிக்கி கடற்கரையில் 1901-ல் மோவானா ஹோட்டல் திறந்து, சுற்றுலாக்காரர்கள் வரத் தொடங்கிய காலத்திலேயே ‘பீச் பாய்ஸ்’ என்று அழைக்கப்பட்ட உள்ளூர்க்காரர்கள் விருந்தாளிகளைப் பலகையில் ஏற்றி அலையில் விட ஆரம்பித்துவிட்டார்கள். சர்ஃபிங்கை உலகம் முழுக்கக் கொண்டுபோன டியூக் கஹானமோகு அந்தக் கூட்டத்தோடு வளர்ந்தவர். அவர் பயன்படுத்திய மரப்பலகை ஒன்றின் நீளம் 16 அடி, எடை 50 கிலோவுக்கு மேல். இப்போது உங்கள் கையில் கொடுக்கப்போவதை நீங்களே அக்குளில் இடுக்கிக்கொண்டு நடந்துவிடலாம்.

அது 8 அல்லது 9 அடி நீளமுள்ள, மேலே மெத்தென்று ஃபோம் ஒட்டிய தடித்த பலகை. பார்க்க ஸ்டைலாக இருக்காது. தயவுசெய்து “கொஞ்சம் சின்னதாகக் கொடுங்கள்” என்று கேட்டுவிடாதீர்கள். பலகையின் பருமனை லிட்டரில் சொல்வது வழக்கம். பள்ளிக்கூடத்தில் படித்த ஆர்க்கிமிடீஸ் கணக்குதான்: 80 லிட்டர் பலகை, தன் எடையையும் சேர்த்துச் சுமார் 80 கிலோவை மிதக்க வைக்கும். போட்டிகளில் இறங்குகிறவர்களின் பலகை பெரும்பாலும் 30 லிட்டருக்குள்தான் இருக்கும். அதில் உட்கார்ந்தால் பாதி உடம்பு தண்ணீருக்குள் போய்விடும், அலையின் வேகம் கிடைத்த பிறகுதான் அது மேலே வரும். முதல்முறை இறங்குகிறவருக்கு அந்தப் பலகையில் படுக்கவே வராது.

முதல் அரை மணி நேரம் மணலில் போகும். பலகையை மணலில் போட்டு, அல்லது மணலிலேயே பலகை வடிவத்தில் கோடு கிழித்து, குப்புறப் படுத்துக் கையூன்றி எழச் சொல்வார்கள். சுற்றி நாலு பேர் வேடிக்கை பார்க்க, வெயிலில் தவளை மாதிரி குதிப்பது கூச்சமாகத்தான் இருக்கும். ஆனாலும் இதை ஒப்பேற்றாதீர்கள். கவனிக்க வேண்டியது உள்ளங்கைகளை. அவை விலா எலும்புக்குப் பக்கத்தில், பலகையின் மேல்பரப்பில் தட்டையாக இருக்க வேண்டும். பயத்தில் எல்லோரும் பலகையின் இரண்டு விளிம்புகளையும் இறுக்கிப் பிடிப்பார்கள். விளிம்பைப் பிடித்து எழுந்தால் பலகை ஒரு பக்கமாகச் சாயும், அவ்வளவுதான். எந்தக் கால் முன்னால் என்று கண்டுபிடிக்க, சொல்லாமல் கொள்ளாமல் முதுகில் லேசாகத் தள்ளுவார்கள். தானாக முன்னே போகிற கால் முன்கால். இடதுகால் என்றால் ‘ரெகுலர்’, வலதுகால் என்றால் ‘கூஃபி’. தண்ணீரில் ஒத்துவராவிட்டால் மாற்றிக்கொள்ளலாம். பலகையோடு உங்களை இணைக்கிற லீஷ் என்கிற கயிறு பின்கால் கணுக்காலில் கட்டப்படும்.

இனி தண்ணீர். கடலடி மேடேறிக்கொண்டே வரும்போது, ஆழம் அலையின் உயரத்தைப்போலச் சுமார் 1.3 மடங்காகக் குறைகிற இடத்தில் அலை உடைகிறது. முக்கால் மீட்டர் அலை உடைவது ஏறக்குறைய ஒரு மீட்டர் ஆழத்தில், அதாவது உங்கள் இடுப்பளவுத் தண்ணீரில். முதல் வகுப்பு முழுக்க நிற்கிற ஆழத்திலேயே நடப்பது இதனால்தான். உடைந்த பிறகு வருகிற வெள்ளை நுரையில்தான் உங்களை ஏற்றிவிடுவார்கள். ஒரு மீட்டர் ஆழத்தில் அது நொடிக்கு 3 மீட்டர், மணிக்குச் சுமார் 11 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. கையால் துழாவி அந்த வேகத்தை எட்ட யாராலும் ஆகாது. நுரை வந்து சேரும்போது பலகை ஏற்கெனவே கொஞ்சம் ஓடிக்கொண்டிருந்தால், நுரை அதைப் புரட்டாமல் கூட்டிக்கொண்டு போகும். பயிற்சியாளரின் தள்ளல் அந்தக் கொஞ்ச வேகத்துக்குத்தான்.

எங்கள் குழுவில் ஜிம் உடம்போடு ஒரு இளைஞர் இருந்தார். பலகை நகர்ந்த நொடியே துள்ளி எழுவார். எழுந்த வேகத்தில் எடை முன்னால் போய் பலகையின் மூக்கு தண்ணீருக்குள் குத்தும், அவரும் பின்னாலேயே போவார். ஒவ்வொரு முறையும் இதே கதை. கூட இருந்த ஒரு அம்மாவுக்கு வயது 55-க்கு மேல் இருக்கும். அவர் அவசரமே படவில்லை. நுரை வந்து வால்பக்கத்தைத் தூக்கும். தடதடவென்று பலகை ஆடும். அவர் படுத்தபடியே இருப்பார். ஆட்டம் அடங்கி, பலகை வழுக்கிக்கொண்டு ஓட ஆரம்பித்த பிறகுதான் கையை ஊன்றுவார். அப்புறம் முழங்கால் ஆழம் வரும்வரை கரையைப் பார்த்தபடி நின்றுகொண்டே போவார். நிற்பதற்கு முன்னால் படுத்திருக்கும் அந்த ஒரு நொடியில்தான் எல்லாமே இருக்கிறது. இன்னொன்று, கண். காலைப் பார்த்தால் விழுவீர்கள். கரையில் ஏதாவது ஒரு கம்பத்தையோ குடையையோ பிடித்துவைத்துக்கொண்டு அதையே பாருங்கள். 40 வயது இதற்கெல்லாம் ஒரு பொருட்டே இல்லை.

நான் சொல்ல வந்தது இதுதான்: கடைசி அரை மணி நேரத்தில் பயிற்சியாளரிடம் “இனிமேல் தள்ளாதீர்கள், பக்கத்தில் மட்டும் நில்லுங்கள்” என்று கேட்டுக்கொள்ளுங்கள். எந்த நுரை வேண்டும் என்பதை நீங்களே தேர்ந்தெடுங்கள், நீங்களே துழாவிப் பிடியுங்கள். அதுவரை பத்து முறை நின்றவர் அப்போது ஒரு முறைகூட நிற்காமல் போகலாம். பரவாயில்லை. அலைகள் நாலைந்தாகச் சேர்ந்து வந்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஓய்வெடுப்பதும், பின்னால் வருகிற ஒன்று முன்னதைவிடப் பெரிதாக இருப்பதும், ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப உடைவதும் அந்த அரை மணி நேரத்தில்தான் கண்ணில் படத் தொடங்கும். பெரும்பாலான பயிற்சியாளர்கள் இந்த வேண்டுகோளைக் கேட்டதும் சந்தோஷப்படுவார்கள். நாள் முழுக்கத் தள்ளித் தள்ளி அவர்களுக்கும் தோள் விட்டுப்போயிருக்கும்.

இப்போது நீச்சல் விஷயம். இடுப்பளவுத் தண்ணீர்தான், காலில் கட்டிய பலகையே மிதவைதான் என்றாலும், தண்ணீர் மூஞ்சியில் அடித்தால் பதறாத அளவுக்காவது நீச்சல் வேண்டும். பதிவு செய்யும்போது “நீச்சல் தெரியுமா?” என்று கேட்காத இடமாக இருந்தால் அங்கே சேராதீர்கள். உங்கள் நீச்சல் சுமார் என்பதை அவர்கள் கேட்பதற்கு முன்னால் நீங்களே சொல்லிவிடுங்கள். ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை பேர் என்றும் கேளுங்கள். கைவிரலில் எண்ணுகிற அளவைத் தாண்டினால் உங்கள் முறை வருவதற்குள் குளிர் எடுத்துவிடும்.

கரையிலிருந்து பார்க்கும்போது, இரண்டு பக்கமும் அலை உடைந்து நடுவில் மட்டும் நுரையில்லாமல், கொஞ்சம் இருட்டாக, அமைதியாக ஒரு பாதை தெரிந்தால் அது இறங்க நல்ல இடம் என்று தோன்றும். அங்கேதான் இறங்கக் கூடாது. அலைகள் கரைக்குக் கொண்டுவந்து கொட்டிய தண்ணீர் கடலுக்குத் திரும்பிப் போகும் வழி அது, ரிப் கரன்ட் என்பார்கள். அதன் வேகம் சில சமயம் நொடிக்கு 2 மீட்டரைத் தாண்டும். மேலே சொன்ன டியூக் கஹானமோகு சர்ஃபர் மட்டுமல்ல, 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் தங்கம் வாங்கியவர். அன்று அவர் எடுத்துக்கொண்ட நேரம் 63 நொடிக்குக் கொஞ்சம் மேல். கணக்குப் போட்டால் நொடிக்கு 1.6 மீட்டர்கூட வராது. அவரே எதிர்த்து நீந்த முடியாத வேகத்தை நாம் எதிர்த்து ஜெயிக்கப்போவதில்லை. அந்த நீரோட்டம் ஆளைக் கீழே இழுப்பதில்லை, வெளியே கொண்டுபோகும், அவ்வளவுதான். பலகையை விடாமல் அதன்மேல் படுத்துக்கொண்டு கையைத் தூக்கிக் காட்டுங்கள். துழாவ முடிந்தால் கரைக்கு இணையாக, பக்கவாட்டில் போங்கள்.

விழுவதற்கும் முறை இருக்கிறது. தலைகுப்புற டைவ் அடிக்கவே கூடாது, ஆழம் இடுப்பளவுதான் என்பதை நினைவில் வையுங்கள். பக்கவாட்டிலோ பின்னாலோ தட்டையாக விழ வேண்டும். தண்ணீருக்குள் போனதும் இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டு, மேலே வரும்போது ஒரு கை முதலில் வர வேண்டும், ஏனென்றால் பலகை எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. லீஷ் புதிதாக வந்த காலத்தில், 1971-ல், வெட்சூட்டுக்கு (குளிர்ந்த நீரில் உடம்பைக் கதகதப்பாக வைக்கும் இறுக்கமான உடை) பேர்போன ஜாக் ஓ'நீலுக்கு இடது கண் பார்வை போனது இப்படித்தான்: இழுபட்ட ரப்பர் கயிறு பலகையை அவர் முகத்துக்கே திருப்பி அடித்தது. இப்போதைய கயிறுகள் அந்த அளவுக்குச் சுண்டுவதில்லை என்றாலும் பலகையின் அடியில் துடுப்பு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் ஃபின் ஃபின்தான். அதேபோல, அலையை நோக்கி நடக்கும்போது பலகையை உங்களுக்கும் அலைக்கும் நடுவில் குறுக்காகப் பிடிக்காதீர்கள், பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முகரக்கட்டை பெயர்வது பெரும்பாலும் இங்கேதான்.

பலரும் சொல்லாத ஒன்று முதுகைப் பற்றியது. 2004-ல் ஹவாய் மருத்துவர்கள் முதல்முறை சர்ஃபிங் செய்தவர்களிடம் ஒரு முதுகுத்தண்டுப் பாதிப்பைப் பதிவு செய்தார்கள். குப்புறப் படுத்து முதுகை வில்லாக வளைத்தபடி நெடுநேரம் இருக்கும்போது தண்டுவடத்துக்குப் போகும் ரத்த ஓட்டம் தடைபடுவதுதான் காரணம் என்று கருதப்படுகிறது. மிக அரிது, பயந்து வகுப்பைக் கைவிட வேண்டியதில்லை. ஆனால் இரண்டு அலைகளுக்கு நடுவில் எழுந்து உட்காருங்கள், இல்லையென்றால் பலகையைவிட்டு இறங்கி நில்லுங்கள். திடீரென்று முதுகு வலித்து, காலில் மரத்துப்போன உணர்வோ பலவீனமோ வந்தால் “இன்னும் ஒரே ஒரு அலை” என்று நிற்காமல் உடனே கரையேறி மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மற்றபடி சில்லறை விஷயங்கள். காலை வகுப்பாகப் பாருங்கள். வெயில் ஏறி நிலம் சூடான பிறகு கடல்காற்று கிளம்பி அலைகளைக் கலைத்துவிடும். சன்ஸ்கிரீனை முகம், கழுத்து, முழங்காலுக்குப் பின்புறம் (இந்த இடத்தை எல்லோரும் மறப்பார்கள்) என்று தாராளமாகப் பூசுங்கள். வயிற்றிலும் தொடையின் முன்பக்கத்திலும் மட்டும் வேண்டாம், பலகை வழுக்கும். ராஷ் கார்டு (உடம்போடு ஒட்டிய நீச்சல் சட்டை) போடாவிட்டால் ஃபோம் உரசி வயிறும் முழங்காலும் சிவந்துவிடும். கான்டாக்ட் லென்ஸைக் கழற்றிவிடுங்கள். வகுப்பு முடிந்து பல மணி நேரம் கழித்து, எதையோ எடுக்கக் குனியும்போது மூக்கிலிருந்து உப்புத்தண்ணீர் கொடகொடவென்று கொட்டும். நாலு பேர் முன்னால் கொட்டினால் கொஞ்சம் சங்கடம், அவ்வளவுதான்.

வகுப்பை விடுமுறையின் தொடக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். பிடித்துப்போனால் ஒரு நாள் ஓய்வு விட்டு இன்னொன்று போகலாம். கடைசி நாளில் வைத்தால், தலைக்குமேல் கை தூக்க முடியாத தோளோடு விமானத்தில் பெட்டியை ஏற்ற வேண்டியிருக்கும்.