கேழ்வரகிலும் உண்டு, செல்லுக்குள்ளும் உண்டு

கேள்வி: கேழ்வரகிலும் பருப்புகளிலும் உள்ள பைட்டிக் அமிலம், இரும்புச்சத்து உடலில் சேரவிடாமல் தடுக்கும் என்று படித்தேன். கல்லூரியில் உயிர்வேதியியல் படிக்கும் என் மகளோ, அதே பொருள் நம் செல்களுக்குள்ளும் இருக்கிறது, அது இல்லாமல் செல்கள் இயங்காது என்கிறாள். இரண்டில் எது உண்மை?
– வாசகி, தருமபுரி

பதில்: இரண்டும் உண்மைதான். தாங்கள் படித்தது குடலில் நடப்பதைப் பற்றியது. மகள் சொல்வது செல்லுக்குள் நடப்பதைப் பற்றியது.

இனோசிட்டால் என்பது ஆறு கரிம அணுக்கள் வளையமாக அமைந்த, சற்றே இனிப்பான ஒரு பொருள். 1850-ஆம் ஆண்டில் ஜெர்மானிய வேதியியலாளர் யோகான் யோசப் ஷெரர் இதைத் தசையிலிருந்து பிரித்தெடுத்தார். வளையத்தின் ஆறு முனைகளில் எதில் வேண்டுமானாலும் ஒரு பாஸ்பேட்டைப் பூட்டலாம். எத்தனை பாஸ்பேட்டுகள், எந்தெந்த முனைகளில் என்பதைப் பொறுத்து அதன் வேலையே மாறிவிடும். ஆறு முனைகளிலும் பாஸ்பேட் ஏறியதுதான் பைட்டிக் அமிலம் என்கிற ஐ.பி.6. பயிருக்கு இது விதைக்குள் இருக்கும் குதிர் போன்றது. விதையிலுள்ள பாஸ்பரஸில் பெரும்பகுதி இந்த வடிவில்தான் சேமிக்கப்படுகிறது. முளைவிடும்போது பைட்டேஸ் என்ற நொதி அதைச் சிறுகச் சிறுக உடைத்து, இளம் செடிக்குப் பாஸ்பேட்டைக் கொடுக்கிறது.

முளைக்காத அந்த விதையை நாம் அரைத்து உண்ணும்போதுதான் சிக்கல் எழுகிறது. எதிர்மின்சுமை ஏறிய ஆறு பாஸ்பேட்டுகளும் இரும்பு, துத்தநாகம், கால்சியம் ஆகியவற்றைக் கவ்விக்கொள்கின்றன. நம் குடலில் பைட்டேஸ் மிகக் குறைவு என்பதால், கவ்வப்பட்டவற்றில் கணிசமான பகுதி மலத்தோடு வெளியேறிவிடுகிறது. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு என்பது சரியே; ஆனால் அவ்வளவும் உடலில் சேர்ந்துவிடும் என்று கணக்குப் போடக் கூடாது.

இது எவ்வளவு தூரம் போகக்கூடும் என்பதை ஈரானிலிருந்து 1961-இல் வெளிவந்த ஒரு மருத்துவக் கட்டுரை காட்டியது. பீகாரில் பிறந்த மருத்துவர் ஆனந்த பிரசாத், ஷிராஸ் நகரில் பார்த்த ஒரு நோயாளிக்கு வயது 21. தோற்றமோ பத்து வயதுச் சிறுவனுடையது. பெரும்பாலும் கோதுமை ரொட்டியையே உண்டு வந்த அவருக்கு மண் தின்னும் பழக்கமும் இருந்தது. வளர்ச்சி நின்றுபோனதற்குத் துத்தநாகக் குறைபாடே காரணமாக இருக்கலாம் என்று பிரசாத் ஊகித்தார். பின்னர் எகிப்தில் நடந்த ஆய்வுகள் அதற்கு வலுச் சேர்த்தன. ரொட்டியிலிருந்த பைட்டேட் (பைட்டிக் அமிலத்தின் உப்பு வடிவம்) துத்தநாகத்தைக் கவ்வியதே அக்குறைபாட்டுக்கு முக்கியக் காரணமாகக் கருதப்பட்டது.

அதற்காகக் கேழ்வரகைக் கைவிட வேண்டியதில்லை. இரவில் ஊறவைத்து, மறுநாள் துணியில் கட்டித் தொங்கவிட்டு, முளை எட்டிப்பார்த்ததும் நிழலில் உலர்த்தி அரைப்பது நம் வீடுகளில் வழிவழியாக வருவதுதானே? விதையின் சொந்தப் பைட்டேஸையே நமக்காக வேலைசெய்ய வைக்கும் முறை அது. இட்லி மாவைப் புளிக்கவைப்பதும், கூழைப் புளிக்கவிட்டுக் குடிப்பதும் பைட்டேட்டைக் குறைக்கும். உணவோடு நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்ந்தால் அவற்றின் வைட்டமின் சி இரும்பு உறிஞ்சப்பட உதவும். சாப்பிட்ட கையோடு குடிக்கும் காப்பியும் தேநீரும் அதைக் கெடுக்கும்.

மகள் சொன்ன ஐ.பி.6 உணவிலிருந்து வருவதன்று. மனித செல்கள் அதைத் தாமே படிப்படியாகத் தயாரித்துக்கொள்கின்றன. செல்லுக்குள் அது சில புரதங்களின் மையத்தில் அமர்ந்து, அவற்றின் வடிவம் குலையாமல் காக்கிறது, ஆர்.என்.ஏ.வில் எழுத்துத் திருத்தம் செய்யும் ஒரு நொதியின் நடுவே அது புதைந்திருப்பது 2005-இல் தெரியவந்தது.

கேள்வி: ஐ.பி.3 ஓர் 'இரண்டாம் தூதுவன்' என்று பாடத்தில் வருகிறது. மனப்பாடம் செய்துவிட்டேன்; புரியவில்லை. விளக்க முடியுமா?
– கல்லூரி மாணவர், மதுரை

பதில்: உப்பும் மிளகாய்த்தூளும் தூவிய மாங்காய்க் கீற்று ஒன்றை வாயில் வைத்துக்கொள்ளுங்கள். எச்சில் ஊறும் அந்தக் கணத்தில், நரம்பு முனையிலிருந்து அசெட்டைல்கோலின் சுரந்து, உமிழ்நீர்ச் சுரப்பிச் செல்லின் வெளிச்சவ்வில் உள்ள ஏற்பியில் போய் உட்காருகிறது. இது முதல் தூதுவன்; வாசலோடு சரி, உள்ளே நுழைவதில்லை. ஏற்பி தூண்டப்பட்டதும் பாஸ்போலைப்பேஸ் சி என்ற நொதி, சவ்விலேயே இருக்கும் ஓர் இனோசிட்டால் கொழுப்பை இரண்டாக வெட்டுகிறது. கொழுப்புப் பகுதி சவ்விலேயே தங்கிவிட, மூன்று பாஸ்பேட் கொண்ட ஐ.பி.3 இரண்டாம் தூதுவனாக உள்ளே மிதந்து சென்று, செல்லுக்குள் கால்சியத்தைச் சேர்த்துவைக்கும் எண்டோபிளாச வலையின் கால்சியக் கதவைத் திறக்கிறது.

கால்சியம் ஏன் இவ்வளவு முக்கியம்? செல்லுக்கு வெளியே உள்ள அளவில் ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒரு பங்கு கால்சியமே செல்சாற்றில் இருக்கும். அவ்வளவு அமைதியான இடத்தில் சிறிது கால்சியம் பாய்ந்தாலும் செல் விழித்துக்கொள்ளும். சுரப்பிச் செல்லில் அது குளோரைடு வழிகளைத் திறக்கிறது. குளோரைடைத் தொடர்ந்து சோடியமும், சோடியத்தைத் தொடர்ந்து நீரும் வெளியேற, எச்சில் ஊறுகிறது. பிறகு ஐ.பி.3-இன் பாஸ்பேட் கழற்றப்படுகிறது அல்லது இன்னொன்று ஏற்றப்படுகிறது. கால்சியமும் திரும்ப இறைக்கப்பட்டு எல்லாம் அடங்கிவிடுகிறது.

இதைக் கண்டுபிடிக்க முப்பது ஆண்டுகள் ஆயின. 1953-இல் ஹோக்கின் தம்பதியர், புறாவின் கணையத் துண்டுகளில் அசெட்டைல்கோலினைச் சேர்த்தபோது சவ்வுக் கொழுப்புகளில் பாஸ்பேட் விரைந்து ஏறுவதைக் கண்டார்கள், பொருள் விளங்கவில்லை. 1975-இல் ராபர்ட் மிச்செல் இதற்கும் கால்சியத்துக்கும் தொடர்பு இருக்க வேண்டும் என்றார். ஈயின் உமிழ்நீர்ச் சுரப்பியை ஆராய்ந்துவந்த மைக்கேல் பெரிட்ஜும் அவருடன் பணியாற்றியவர்களும், ஐ.பி.3 கணையச் செல்லுக்குள் கால்சியத்தை விடுவிப்பதை 1983-இல் காட்டினார்கள். ஈயின் எச்சிலை ஆராய்ந்து என்ன கிடைக்கப்போகிறது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் இந்தக் கதைதான். விந்தணு கருமுட்டையை எழுப்புவதும் இதே வழியில்தான்: அது தன்னோடு கொண்டுவரும் ஒருவகைப் பாஸ்போலைப்பேஸ், முட்டைக்குள் ஐ.பி.3-ஐ உண்டாக்கி, கால்சிய அலைகளை எழுப்புகிறது.

கேள்வி: பி.சி.ஓ.எஸ். எனப்படும் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினைக்கு மையோ-இனோசிட்டால் பொடி சாப்பிடச் சொல்கிறார்கள். பலன் தருமா?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: பொடியில் இருப்பது பாஸ்பேட் ஏறாத வெறும் இனோசிட்டால். வழக்கமாகப் பரிந்துரைக்கப்படும் அளவு நாளொன்றுக்கு 4 கிராம். நம் இரு சிறுநீரகங்களும் சேர்ந்து தினமும் தயாரிப்பதும் ஏறக்குறைய அவ்வளவே. 2023-ஆம் ஆண்டின் சர்வதேச வழிகாட்டுதல், இதனால் தீங்கு குறைவு, வளர்சிதை மாற்ற அளவுகளில் முன்னேற்றம் இருக்கலாம், ஆனால் கருமுட்டை வெளிப்படுவதிலோ தேவையற்ற முடி வளர்ச்சியிலோ எடையிலோ கிடைக்கும் பலன் குறைவு என்கிறது. விரும்பினால், மருத்துவரிடம் சொல்லிவிட்டு எடுத்துக்கொள்ளலாம். அவர் தந்த மருந்தை நிறுத்திவிட்டு இதற்கு மாறுவது சரியன்று.

கேள்வி: ஐ.பி.6 மாத்திரை புற்றுநோயைத் தடுக்குமாமே?
– வாசகர், சேலம்

பதில்: ஆய்வுக்கூடச் செல்களிலும் விலங்குகளிலும் ஊக்கமூட்டும் முடிவுகள் வந்துள்ளன, மனிதர்களிடம் அப்படி உறுதியான சான்று இல்லை. விழுங்கும் ஐ.பி.6 அப்படியே செல்லுக்குள் போய் வேலைசெய்யும் என்று எண்ணுவதற்கும் இடமில்லை. ரத்தசோகைக்காக இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுபவர் இதையும் சேர்த்து விழுங்கினால், முதல் பதிலில் சொன்ன அதே கவ்வல் வயிற்றுக்குள் நடக்கும். மாத்திரையிலிருந்து உடலில் சேரும் இரும்பு குறையும்.