மகன் கையில் சுக்கான்

கேள்வி: என் மச்சான் வல்லத்தை மகனிடம் ஒப்படைத்துவிட்டுத் தினமும் கரையில் நின்று குறை சொல்கிறார். மகனுக்குப் பட்டம் கட்டிய பிறகு திரும்பி வந்து அதிகாரம் செய்த ராஜா யாராவது உண்டா? அவரிடம் சொல்லத்தான் கேட்கிறேன்.
– வாசகர், தங்கச்சிமடம்

பதில்: உண்டு, பல்கேரியாவின் முதலாம் போரிஸ். 852-ல் ஆட்சிக்கு வந்தவர். 864 வாக்கில் ஞானஸ்நானம் வாங்கி மிக்கேல் ஆனார். கான்ஸ்டான்டிநோபிளிலிருந்து ஆண்ட பைசாந்தியப் பேரரசர் மூன்றாம் மிக்கேல்தான் ஞானத்தகப்பன். (உங்கள் ஊரில் தெருவுக்கு நாலு மிக்கேல் இருப்பார்களே!) பழைய சாமியை விட மனமில்லாத பிரபுக்கள் கலகம் செய்தபோது 52 பேரைக் கொன்றார், அவர்கள் பிள்ளைகளையும் விடவில்லை.

866-ல் போப் முதலாம் நிக்கோலாஸுக்கு அவர் அனுப்பிய கேள்விகள் எனக்கு ரொம்பப் பிடிக்கும். காற்சட்டை போடலாமா? புதன், வெள்ளியில் குளிக்கலாமா? கொடிக்குப் பதில் குதிரைவால் பிடித்துப் போருக்குப் போகிறோமே, இனி எதைப் பிடிப்பது? போப் 106 பதில்கள் எழுதினார். காற்சட்டை உங்கள் இஷ்டம், குதிரைவாலுக்குப் பதில் சிலுவை என்றார். குற்றமறியாத பிள்ளைகளைக் கொன்றது பாவம் என்றும் முகத்துக்கு நேரே சொன்னார். நம் கேள்வி-பதில் பகுதிக்கெல்லாம் அதுதான் பாட்டன்.

889-ல் மூத்த மகன் விளாதிமிரிடம் நாட்டைக் கொடுத்துவிட்டு மடத்துக்குப் போனார். மகனோ பழைய மதத்தின் பக்கம் சாய்ந்தான். 893-ல் அப்பா துறவி அங்கியைக் கழற்றி வைத்து, வாளை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தார். மகனைப் பிடித்து, கண்களைக் குருடாக்கிச் சிறையில் போட்டார். அப்புறம் சபையைக் கூட்டி, கான்ஸ்டான்டிநோபிளில் படித்த இளைய மகன் சிமியோனை அமர்த்தி, “நீ தவறினாலும் இதே கதிதான்” என்று எல்லார் முன்னும் எச்சரித்ததாக ரெஜினோ என்ற மடாதிபதி எழுதி வைத்திருக்கிறார். சிமியோன் மடத்துக்கென்று வளர்ந்த பிள்ளை. ஆனால் 927 வரை ஆண்டு, 917-ல் அகெலூஸில் பைசாந்தியப் படையையே நொறுக்கினான்.

பாம்பனில் என் அப்பாவும் இப்படித்தான். வல்லத்தை அண்ணனிடம் கொடுத்த மறுநாளே விடியுமுன் கரைக்கு வந்து நங்கூரக் கயிற்றை இழுத்துப் பார்த்தார். “கச்சான் காற்று அடிக்கிற நாளில் தென்கடலுக்கா போற?” என்று ஒரு சத்தம். அண்ணன் வடகடல் பக்கம் திரும்பும் வரை நகரமாட்டார்.

போரிஸ் திரும்பி வந்ததில் எனக்குப் பெரிய வியப்பில்லை. அது எல்லா அப்பனும் செய்வது. சிமியோனை உட்கார வைத்ததும் மறுபடி மடத்துக்கே போனாரே, அதுதான் ஆச்சரியம். 907-ல் சாகும் வரை 14 வருடம் அரியணைப் பக்கம் வரவில்லை. இடையில் மகியார்களோடு (ஹங்கேரியர்களின் முன்னோர்) சண்டை முற்றி மக்கள் யோசனை கேட்டபோதுகூட, நோன்பிருங்கள் என்று சொன்னதோடு சரி.

மச்சானிடம் இதைச் சொல்லுங்கள். கண்ணைக் குருடாக்கிய இடத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.