‘என்று’ என்ற சொல்லை வெட்டினால்

கேள்வி: அமெரிக்கத் தேர்தல் விளம்பரங்கள் வேட்பாளர்களைத் திரித்துக் காட்டுகின்றன என்று சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். வேட்பாளரின் சொந்தக் குரலையே ஒலிபரப்பினால் அது எப்படித் திரிப்பாகும்? பேசியவர்தானே அதற்குப் பதில் சொல்ல வேண்டும்? பொய்யாக இருந்தால் தொலைக்காட்சி நிலையங்கள் மறுத்திருக்க மாட்டார்களா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: பேசியவர் பதில் சொல்லட்டும் என்பது நியாயமே. ஆனால் அவர் பேசியதை முழுவதும் கேட்ட பிறகுதான் அந்த நியாயம் செல்லும்.

2011 நவம்பரில், அடுத்த ஆண்டு அதிபர் தேர்தலில் குடியரசுக் கட்சியின் வேட்பாளராக முயன்றுகொண்டிருந்த மிட் ராம்னி, அதிபர் ஒபாமாவை எதிர்த்துத் தம் முதல் தொலைக்காட்சி விளம்பரத்தை நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் வெளியிட்டார். “பொருளாதாரத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் நாம் தோற்றுவிடுவோம்” என்று ஒபாமாவின் குரல் அதில் ஒலித்தது. குரல் அவருடையதுதான், பேசியதும் அதே மாநிலத்தில்தான். ஆனால் அந்தப் பேச்சு 2008 அக்டோபரில் பேசப்பட்டது. அன்று அவரை எதிர்த்து நின்றவர் ஜான் மெக்கெய்ன். “மெக்கெய்னின் பிரசாரக் குழுவே சொல்லியிருக்கிறது, அவர்கள் சொன்னதை அப்படியே சொல்கிறேன்” என்று தொடங்கி, மெக்கெய்னின் ஆலோசகர் ஒருவர் செய்தித்தாளிடம் சொன்னதைத்தான் ஒபாமா எடுத்துக் காட்டினார். விளம்பரம் முன்பகுதியை வெட்டிவிட்டது. எதிரணியின் அச்சத்தை எடுத்துச் சொன்னவர், மூன்று ஆண்டு கழித்து அந்த அச்சத்துக்கே சொந்தக்காரராகத் திரையில் நின்றார்.

நான் முப்பது ஆண்டுகளாகச் செய்துவரும் வேலை வெட்டுவதுதான். ஒரு பேட்டி பக்கத்தில் அடங்காமல் நான்கு வரி மிஞ்சும்போது எந்த நான்கை எடுப்பது என்று பேனாவோடு உட்கார்ந்திருப்பவனுக்கு, வெட்டினால் இடம் மிச்சமாகும் வரி எது, வெட்டினால் பேசியவரே மாறிப்போகும் வரி எது என்பது தெரியும். தமிழில் “என்கிறார்கள்” என்ற ஒரு சொல்லை எடுத்துவிட்டால் போதும், ஊரார் பேச்சு பேட்டி கொடுத்தவரின் பேச்சாகிவிடும். அந்தச் சொல்லைக் கைதவறி வெட்டிய ஆசிரியர் அடுத்த இதழில் வருத்தம் தெரிவிக்க வேண்டும். தெரிந்தே வெட்டியவர் இந்தத் தொழிலில் இருக்கக் கூடாது. ராம்னியின் குழு தெரிந்தே வெட்டியது. விளம்பரத்தோடு பத்திரிகைகளுக்கு அனுப்பிய குறிப்பில், ஒபாமா மெக்கெய்ன் தரப்பின் சொற்களைத்தான் எடுத்துக் காட்டினார் என்ற விவரத்தை அவர்களே தந்திருந்தார்கள். நிருபருக்குத் தெரிவிக்கப்பட்ட உண்மை, வீட்டில் உட்கார்ந்து பார்த்த வாக்காளருக்கு மறைக்கப்பட்டது. எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

அதே ராம்னிக்கு ஏழு வாரங்களில் அதே மாநிலத்தில் என்ன நேர்ந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 2012 ஜனவரி 9 அன்று நாஷுவா நகரில் வணிகர்களிடையே பேசும்போது, மருத்துவக் காப்பீட்டு நிறுவனத்தின் சேவை பிடிக்காவிட்டால் அதை விலக்கிவிட்டு வேறொன்றுக்குப் போகும் உரிமை மக்களுக்கு இருக்க வேண்டும் என்று அவர் விளக்கினார். அதைத் தொடர்ந்து, எனக்குச் சேவை செய்பவர்களை நீக்க முடிவது எனக்குப் பிடிக்கும் என்றார். ‘எனக்குச் சேவை செய்பவர்களை’ என்பது உதிர்ந்துபோய், ‘ஆட்களை வேலையிலிருந்து நீக்குவது எனக்குப் பிடிக்கும்’ என்பது மட்டும் நாடெங்கும் பரவியது. அதை முதலில் பற்றிக்கொண்டவர்களில் அவருடைய சொந்தக் கட்சியில் அவரோடு போட்டியிட்டவர்களும் இருந்தார்கள். ஒருவரின் பிரசாரக் குழு அந்தத் துண்டைக் கைபேசி அழைப்பொலியாகவே வெளியிட்டது. ராம்னி நிறுவனங்களை வாங்கி விற்கும் தொழிலில் இருந்தவர் என்பதால், அந்தத் துண்டு அவர்மீது பலருக்கு ஏற்கெனவே இருந்த எண்ணத்தோடு பொருந்திப்போனது. வெட்டிய துண்டு எப்போதும் இப்படித்தான் வேலை செய்கிறது; கேட்பவர் ஏற்கெனவே சந்தேகித்ததை உறுதிசெய்வதால் அவர் முழுப்பேச்சைத் தேடிப் போவதில்லை. ஒபாமாவுக்கு நடந்தது அநியாயம் என்று சொல்கிற நான், ராம்னிக்கு நடந்ததும் அநியாயம் என்று சொல்லாவிட்டால், இந்தப் பக்கத்தை எழுதும் தகுதி எனக்கு இல்லை.

பேச்சை வெட்டாமலேயே திரிக்கவும் முடியும். 2002இல் ஜார்ஜியா மாநிலத்து செனட்டர் மேக்ஸ் கிளீலண்டை எதிர்த்துப் போட்டியிட்ட சாக்ஸ்பி சாம்ப்ளிஸ் வெளியிட்ட விளம்பரம், பின்லேடன், சதாம் உசேன் ஆகியோரின் படங்களைக் காட்டி, குடியரசுத் தலைவரின் உள்நாட்டுப் பாதுகாப்பு முயற்சிகளுக்கு எதிராகக் கிளீலண்ட் 11 முறை வாக்களித்தார் என்றது. வாக்குகள் பதிவானவை என்பதில் பொய் இல்லை. ஆனால் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை அமைய வேண்டும் என்பதை அவர் ஆதரித்தவர். அதில் வேலை செய்யப்போகும் ஊழியர்களின் பணிப் பாதுகாப்பு போன்றவற்றில்தான் சண்டை நடந்தது. அந்த விவரம் விளம்பரத்தில் இல்லை, படங்கள் மட்டும் இருந்தன. 1968இல் வியட்நாமில் கையெறிகுண்டு வெடித்து இரண்டு கால்களையும் வலக்கையையும் இழந்தவர் கிளீலண்ட். அவருடைய தேசப்பற்றின் மீது சந்தேகம் விழும்படி செய்த அந்த விளம்பரத்தை, சாம்ப்ளிஸின் கட்சியைச் சேர்ந்த மெக்கெய்னே கடுமையாகக் கண்டித்தார். கிளீலண்ட் தோற்றார். அந்தத் தோல்விக்கு வேறு காரணங்களும் இருந்தன. அதனால் விளம்பரம் நேர்மையானதாகிவிடாது.

தொலைக்காட்சி நிலையங்கள் மறுத்திருக்கலாமே என்கிறீர்கள். அங்கே சட்டமே அவர்கள் கையைக் கட்டியிருக்கிறது. 1934ஆம் ஆண்டுத் தகவல்தொடர்புச் சட்டத்தின் 315ஆம் பிரிவின்படி, வேட்பாளர் தாமே வெளியிடும் விளம்பரத்தின் உள்ளடக்கத்தில் வானொலி, தொலைக்காட்சி நிலையங்கள் கைவைக்கக் கூடாது. தணிக்கை செய்ய முடியாத ஒன்றுக்காக நிலையத்தின்மீது அவதூறு வழக்கும் தொடர முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1959இல் தீர்ப்பளித்தது. ஆளுங்கட்சியின் பக்கம் சாயும் நிலையம் எதிர்க்கட்சியின் வாயை மூடிவிடக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில் வந்த ஏற்பாடு அது. அதன் விளைவாக, ஒளிபரப்பானதாலேயே ஒரு விளம்பரம் சரிபார்க்கப்பட்டது என்று நினைக்க அங்கே இடமில்லை. வேட்பாளரைச் சாராத குழுக்கள் கொடுக்கும் விளம்பரங்களை மட்டும் நிலையங்கள் மறுக்கலாம். பணம் வரும்போது மறுக்கும் மனம் வேண்டும்.

பிறகு உண்மை தெரிந்தால் பொய் சொன்னவர் தண்டனை பெறுவாரே என்று நீங்கள் அடுத்துக் கேட்கலாம். 1950இல் மேரிலாந்து மாநிலத்தில் செனட்டர் மில்லார்ட் டைடிங்ஸுக்கு எதிராக அச்சிட்டு வழங்கப்பட்ட தாளில், அவர் கம்யூனிஸ்ட் தலைவர் ஏர்ல் பிரௌடரின் அருகே நின்று அவர் சொல்வதைக் கவனமாகக் கேட்பது போல ஒரு படம் இருந்தது. டைடிங்ஸ் 1938இல் வானொலி கேட்டுக்கொண்டிருந்தபோது எடுத்த படத்தையும், 1950இல் எடுத்த பிரௌடரின் படத்தையும் கத்தரித்து ஒட்டியது அது. அது ஒட்டுப்படம் என்பதைக் குறிக்கும் ஒரு சொல் படத்தின் கீழேயே அச்சாகியிருந்தது. டைடிங்ஸ் தோற்றார். மறு ஆண்டு செனட்டின் துணைக்குழு விசாரித்து, அந்தப் பிரசாரம் இழிவானது என்று அறிக்கை தந்தது. வெற்றிபெற்ற ஜான் மார்ஷல் பட்லர் பதவியில் தொடர்ந்தார். 1956இல் மீண்டும் வென்று 1963 வரை செனட்டராக இருந்தார்.