புதிய டிஏசி: முதலில் ஒலியளவைச் சமப்படுத்துங்கள்

வணக்கம். புதிய டிஏசியை (டிஜிட்டல் இசையை ஆம்பிளிஃபையருக்கான மின்சமிக்ஞையாக மாற்றும் கருவி) எக்ஸ்எல்ஆர் (மூன்று முனை ஆடியோ இணைப்பு) வழியாக ஆம்பிளிஃபையரில் இணைத்ததும் பழைய சிடி பிளேயரைவிட இசை தெளிவாகவும் விரிவாகவும் கேட்பதாக எழுதியிருந்தீர்கள். திருப்பித் தரும் கெடு முடிவதற்குள் முடிவெடுக்க வேண்டும் என்றும் சொல்லியிருந்தீர்கள்.

அந்தத் தெளிவை இப்போதைக்கு நம்ப வேண்டாம். சிடி பிளேயரின் ஆர்சிஏ (வழக்கமான ஆடியோ இணைப்பு) வெளியீடு வழக்கமாக 2 வோல்ட். டிஏசிகளின் எக்ஸ்எல்ஆர் வெளியீடோ பெரும்பாலும் 4 வோல்ட், அதாவது 6 டெசிபல் கூடுதல். ஒரு டெசிபலுக்கும் குறைவான வேறுபாட்டையே நம் செவி பல நேரம் சத்தமாக உணராமல் தரமாக எடுத்துக்கொள்ளும். ஆகவே, 400 ஹெர்ட்ஸ் சைன் அலையை (ஒரே சீரான சோதனை ஒலி) இரு கருவிகளிலும் ஒலிக்கவிட்டு, ஸ்பீக்கர் முனைகளில் மல்டிமீட்டரால் ஏசி வோல்ட்டை அளந்து, இரண்டும் 1 சதவீதத்துக்குள் (ஏறத்தாழ 0.1 டெசிபல்) ஒத்துவரும்படி டிஏசியின் வால்யூமைக் குறையுங்கள். பிறகு, எது ஒலிக்கிறது என்று உங்களுக்குத் தெரியாதபடி வீட்டில் ஒருவரை மாற்றி மாற்றி இயக்கச் சொல்லிக் கேளுங்கள். டிஏசிக்காகக் கணினியில் இசைப்பது அதே சிடியிலிருந்து இழப்பின்றி நகலெடுத்த கோப்பாக இருக்கட்டும். ஸ்ட்ரீமிங் பதிப்பின் மாஸ்டரிங் (வெளியிடும் முன் செய்யும் இறுதி ஒலிச் சீரமைப்பு) வேறாக இருந்தால் நீங்கள் ஒப்பிடுவது டிஏசியை அல்ல.

நூறு மணி நேரம் ஓடினால் ஒலி இன்னும் மெருகேறும் என்று கடைக்காரர் சொன்னதைப் பொருட்படுத்தாதீர்கள். அதற்குக் காத்திருந்தால் கெடு முடிந்துவிடக்கூடும். சமப்படுத்திய பிறகும் வேறுபாடு தெரியவில்லை என்றால், யூஎஸ்பி உள்ளீடு உங்களுக்கு உண்மையிலேயே தேவைப்பட்டால் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.